மூன்றாவது லிவர்

அந்தக் கறுப்புப் பெட்டியில் மூன்று லிவர்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் செட்டிங்ஸைத் திறந்தால் ஒவ்வொரு லிவருக்கும் ஒரு பச்சைக் கோடு தெரியும். லிவரை முன்னால் தள்ளினால் கோடு நீளும், இழுத்தால் சுருங்கும், கையை எடுத்துவிட்டால் இருந்த இடத்தில் நிற்கும். மூன்றாவது லிவரின் கோடு மட்டும் நிற்காது. யாரும் தொடாமலே ஒரு நூல் முன்னால், ஒரு நூல் பின்னால் என்று துடித்துக்கொண்டே இருக்கும். நேற்று ஆயுத பூஜைக்காக மேசையைத் துடைக்கும்போது பெட்டியை மாட்டிப் பார்த்தேன். இன்னும் துடிக்கிறது. என் மாமனார் வைத்த குங்குமம் இன்னும் அதன் உள்ளேதான் இருக்கிறது.

மாமா லாரிக்காரர். முதலில் கிளீனர், பிறகு டிரைவர், பிறகு சொந்த வண்டி. நாமக்கல்லில் பாடி கட்டி, மாலை போட்டு இறக்கிய வண்டியை அஸ்ஸாம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனவர். நான் சேந்தமங்கலத்துக்கு மருமகளாக வந்தபோது இன்னும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். எனக்குப் பிறந்த ஊர் அயோத்தியாப்பட்டணம். ஒரே ஜில்லாக்காரர்கள் மாதிரிதான் என்றாலும் ஆத்தூர் ரோட்டுப் பக்கத்துப் பேச்சு வேறு. இவர்கள் வீட்டை 'ஊடு' என்பதையும், 'என்னுடைய' என்பதை 'என்ற' என்பதையும், வாயைத் திறந்தால் 'ங்க' போடுவதையும் கேட்டு வந்த புதிதில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன். மாமா அதைக் கவனித்துவிட்டார். "சிரிச்சுக்க சாமி. இன்னொரு வருசம் போச்சுன்னா நீயும் இப்படித்தான் பேசுவே" என்றார். சொன்னபடியேதான் ஆனது. இப்போது அம்மா வீட்டுக்குப் போனால் என் தங்கைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகையும் பிளெக்ஸ் பேனரும் டிசைன் செய்து கொடுப்பது என் பிழைப்பு. அதற்காகக் கொஞ்சம் நல்ல கம்ப்யூட்டராக வாங்கியிருந்தோம். என் மகன் அதில் விமானம் ஓட்டுகிற விளையாட்டைப் போட்டு, ஒரு ஜாய்ஸ்டிக்கும் வாங்கி மாட்டியிருந்தான். காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டான். மாமா வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு உட்கார்ந்த சமயம் அது. சும்மா இருக்கத் தெரியாத மனிதர். தோட்டத்து மோட்டாரைக் கழற்றி மாட்டுவார். மாமியாரின் மிக்ஸியைக் கழற்றுவார், மாட்டமாட்டார். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், என் நாற்காலியில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருக்கிறார். "ஏஞ் சாமி, இது நெசமாலுமே மேல போகுமா?" என்று கேட்டார். அந்த மனிதர் அதுவரை ஒரு விமானத்திலும் ஏறியதில்லை.

அதற்கப்புறம் எனக்கு நாற்காலி கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. காலையில் என் வேலை, மத்தியானம் அவர் விமானம் என்று பேசி வைத்துக்கொண்டோம். அந்த விளையாட்டில் தரை என்பது செயற்கைக்கோள் படத்தை வைத்துச் செய்தது. வீடும் மரமும் முன்னே பின்னே இருக்கும். மலையும் ரோடும் ஏரியும் நம்முடையவைதான். சேலம் ஏர்போர்ட்டில் சின்ன ஒற்றை இன்ஜின் விமானத்தைக் கிளப்பி, ஒரு நாள் அவர் வடக்கே திருப்பினார். தொப்பூர் கணவாய் வந்தது. அந்த இறக்கத்தில் பிரேக் சூடேறிய வாடையோடு, இந்த வளைவு தாண்டினால் எதிரே என்ன நிற்குமோ என்ற பயத்தோடு, அவர் எத்தனை தடவை இறங்கியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. இப்போது அந்தக் கணவாய் மொத்தமும், முதல் வளைவிலிருந்து கடைசி வளைவுவரை, ஒரே பார்வையில் கீழே கிடந்தது. மாமா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். "முழுசாத் தெரியுது சாமி" என்றார். "இத்தன வருசம் இதுக்குள்ளயே போயி வந்தேன். இது இப்படித்தான் கெடக்குதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது." அவர் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்ததில் விமானம் போய் மலையில் மோதியது, அது வேறு கதை.

இன்னொரு நாள் அடுப்படியில் இருந்த என்னைக் கூப்பிட்டார். "உங்கம்மா ஊட்டு மேல போறேன், சட்டுனு வா." ஆத்தூர் ரோடு, ரயில் தண்டவாளம், நான் சைக்கிள் பழகிய மைதானம். எல்லாம் உள்ளங்கை அளவுக்கு இருந்தது. எங்கள் வீட்டுக்கு மேலே அவர் ஒரு சுற்றுச் சுற்றினார். கரண்டியும் கையுமாக நின்று நான் அழுதேன்.

பிறகு அவருடைய வலது கையில் அது வந்தது. காபி டம்ளரை எடுக்கும்போது விரல்களில் ஒரு சின்ன நடுக்கம். சேலத்துக்கு டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நடுக்குவாதத்தின் ஆரம்பம் என்றார் டாக்டர், மாத்திரையில் கட்டுக்குள் நிற்கும், போகப்போகக் கூடவும் செய்யலாம் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மாமா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நாமக்கல் வந்ததும், "உங்க அத்தைகிட்டச் சொல்லோண்டாம்" என்றார். மறுநாள் பைக் சாவியை என் கணவரிடம் தாமாகவே கொடுத்துவிட்டார். வயசாகிவிட்டது என்று காரணம் சொன்னார். அவருக்கு ஓட்டுவதற்கு மிச்சம் இருந்தது விமானம் ஒன்றுதான். கை போனால் அதுவும் போய்விடும் என்ற பயம் அவருக்கு இருந்தது. எனக்கும் இருந்தது.

மாத்திரையில் நடுக்கம் அடங்கித்தான் இருந்தது. அந்தத் தெம்பில் அவருக்கு ஒரு ஆசை வந்தது. இந்த விளையாட்டுக்கு விமானங்களைத் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். யாரோ எங்கேயோ உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்விட்சையும் வரைந்து செய்து இன்டர்நெட்டில் விற்கிறார்கள். மாமா கேட்டது இரண்டு இன்ஜின் வைத்த, பெரிய விசிறிகள் சுற்றுகிற, ஊர்ப் பஸ் கூட்டம் மொத்தமும் ஏறுகிற விமானம். அதற்கு ஏற்ற மாதிரி லிவர் பெட்டி ஒன்றையும் என் மகன் செகண்ட் ஹேண்டில் வாங்கி அனுப்பினான். இரண்டு லிவர் இரண்டு இன்ஜினுக்கு. மூன்றாவதுக்கு வேலை இல்லை.

புது வண்டியை எந்த நாளில் இறக்குவது? ஆயுத பூஜையில்தான். பூஜை போடாமல் சாவியைத் தொடுவாரா லாரிக்காரர்? திரைக்குப் பொட்டு, ஜாய்ஸ்டிக்குக்குப் பொட்டு, மூன்று லிவருக்கும் அடிவரைக்கும் வழிய வழியச் சந்தனம், அதன்மேல் தாராளமாகக் குங்குமம். பூ, சூடம், பொரி, கடலை. மாமியார் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்குச் சக்கரம் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். மாமா கொஞ்சமும் யோசிக்கவில்லை. பழத்தை மேசையில் வைத்து என் மவுஸை எடுத்து அதன் மேல் ஒரு தடவை ஏற்றி இறக்கினார். என் மவுஸ் தீபாவளி வரைக்கும் எலுமிச்சை வாடை அடித்தது.

அன்றைக்கே அந்த விமானத்தைக் கிளப்பினார். ஓடியது, எழுந்தது, எழுந்ததும் ஆட ஆரம்பித்தது. இடது இறக்கை கொஞ்சம் சாயும், உடனே வலது சாயும். பெரிதாக ஒன்றும் இல்லை. டம்ளரைப் பிடித்த அவர் விரல் எப்படி ஆடியதோ அதே ஆட்டம், அதே அளவு, அதே அவசரம். மாமா பிடியை இறுக்கினார். ஆட்டம் நிற்கவில்லை. பிடியைத் தளர்த்திப் பார்த்தார், நிற்கவில்லை. நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்க்காமலே வலது கையை எடுத்துத் தொடையில் வைத்து, மேலே இடது கையை வைத்து மூடிக்கொண்டார்.

சில நாள் முயன்றார். பழைய ஒற்றை இன்ஜின் விமானத்தில் ஆட்டமே இல்லை, அதையும் ஓட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு அவர் சொன்னதை நானும் நம்பினேன். "பழைய வண்டி ஸ்டேரிங்குல பிளே இருக்கும் சாமி, கொஞ்சம் லூசா நிக்கும். கை ஆடுனாலும் வெளிய தெரியாது. புது வண்டி டைட்டா இருக்குதல்ல, காட்டிக் குடுத்துருச்சு." அதன் பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து ஜாய்ஸ்டிக்கின் மேல் போட்டு மூடினார். "ஓட்டுனவனுக்கு எறங்கவும் தெரியோணும்" என்றார். மத்தியானங்களில் அவர் தோட்டத்துப் பக்கம் போய் கொல்லிமலையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். "உங்க மாமனுக்கு என்னாச்சு? சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு அப்படியே வெச்சுட்டுப் போறாரு" என்று மாமியார் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாதுங்க அத்தை என்றேன்.

நான் சட்டென்று கோபப்படுகிற ஆள். ஒரு மத்தியானம் பத்திரிகை வேலை ஒன்று முடிந்து உட்கார்ந்திருந்தேன். துண்டு மூடிய அந்த ஜாய்ஸ்டிக்கைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. துண்டை இழுத்துப் போட்டுவிட்டு அந்தப் புது விமானத்தைக் கிளப்பினேன். காட்டிக் கொடுக்கிற விமானமாம், எங்கே என்னையும் காட்டிக் கொடு பார்க்கலாம் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தூக்கினேன். மேலே போனதும் ஆடியது. இடது, வலது, இடது, வலது. என் கையைப் பார்த்தேன். என் கை கல் மாதிரி இருந்தது.

ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டேன். ஆடியது. எழுந்து போய் அதன் வயரையே கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கினேன். அப்போதும் ஆடியது. யார் கையும் இல்லை, கை வைப்பதற்கு ஒன்றும் இல்லை, அந்தப் பெரிய விமானம் தன்னந்தனியாக வானத்தில் மாமாவின் விரல் மாதிரியே நடுங்கிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயம் என்றும் சொல்லமுடியாது. சாமி வந்து ஆடுகிறவர் முன்னால் நிற்பது போல இருந்தது.

சிலிர்ப்பு அடங்கியதும் புத்தி வந்தது. செட்டிங்ஸைத் திறந்தேன். அங்கேதான் அந்தப் பச்சைக் கோட்டை முதன்முதலில் பார்த்தேன். முதல் லிவர் அமைதி, இரண்டாவது அமைதி, மூன்றாவது துடித்துக்கொண்டிருந்தது. அந்த லிவருக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறது என்று பார்த்தால், இறக்கையைச் சாய்க்கிற வேலை. ஜாய்ஸ்டிக் செய்கிற அதே வேலை. ஒவ்வொரு விமானத்துக்கும் எந்தக் கருவி எதைச் செய்யவேண்டும் என்ற ஏற்பாடு தனித்தனியாக இருக்கிறது. பழைய விமானத்தில் ஜாய்ஸ்டிக் மட்டும்தான். புது விமானத்துக்குப் புதிதாக ஏற்பாடு போடும்போது, இந்தப் பெட்டி இன்னதென்று தெரியாத கம்ப்யூட்டர் அதையும் இன்னொரு ஜாய்ஸ்டிக் என்று நினைத்து, சும்மா கிடந்த லிவருக்கு இறக்கையைக் கொடுத்திருக்கிறது. ஒரு வண்டிக்கு இரண்டு ஸ்டியரிங். மாமா ஒன்றைப் பிடித்து நேராக ஓட்ட, இன்னொன்று பக்கத்திலிருந்து இழுத்திருக்கிறது.

சரி, யாரும் தொடாத லிவர் ஏன் இழுக்கிறது? செல்போன் விளக்கை அடித்து, லிவர் நகர்கிற பிளவுக்குள் பார்த்தேன். சந்தனம் காய்ந்து கட்டியாகி, அதன்மேல் சிவப்பாகக் குங்குமம். இந்த ஒன்றில் மட்டும் அது உள்ளே கான்டாக்ட் வரை இறங்கி, அசையாத லிவரை அசைவதாகக் காட்டியிருக்கிறது. ஐயோ என் தெய்வமே என்று உரக்கவே சொல்லிவிட்டேன்.

தோட்டத்துக்கு ஓடினேன். "மாமா, கொஞ்சம் உள்ள வாங்க." "எதுக்கு சாமி?" "வாங்கங்கறேன்." வந்தார். விமானம் அப்படியே திரையில் ஆடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து, ஜாய்ஸ்டிக்கின் வயரை எடுத்து அவர் மடியில் போட்டேன். "இத எதுலயும் மாட்டலைங்க மாமா. பாருங்க. இப்ப ஆட்டறது யாரு?"

வயரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். வலது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார். நான் மூன்றாவது லிவரின் பிளவில் விளக்கை அடித்துக் காட்டினேன். அவருக்கு இரண்டு ஸ்டியரிங் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, சொல்வதற்குள் புரிந்துவிட்டது. "அட கெரகமே" என்றார். "பொட்டு வெச்சது நாந்தானே!" சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு எங்கேயோ போய் மாறியது. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "என்ற கை இல்ல" என்று துண்டுக்குள்ளிருந்து சொன்னார். "என்ற கை இல்ல சாமி." சத்தம் கேட்டு வந்த மாமியாரிடம் விஷயத்தை அவரே சொன்னார், டாக்டர் சொன்னதையும் சேர்த்து. மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "இதச் சொல்றதுக்கா இத்தன நாளு? மனுசனா நீங்க?" என்று திட்டிவிட்டு, அன்றைக்கு அவருக்குப் பிடித்த கம்மஞ்சோறு ஆக்கினார்.

பஞ்சை நனைத்து, குச்சியில் சுற்றி, முடிந்த அளவு துடைத்தோம். ஆழத்தில் போனது வரவில்லை, கோடு துடிப்பதும் நிற்கவில்லை. அதனால் மூன்றாவது லிவரிடமிருந்து இறக்கையைப் பிடுங்கிவிட்டேன். அது பாட்டுக்குத் துடிக்கட்டும், யாரும் அதன் பேச்சைக் கேட்கவேண்டாம். அன்று சாயங்காலம் மாமா அந்தப் பெரிய விமானத்தைச் சேலத்திலிருந்து தூக்கி, நாமகிரிப்பேட்டைக்கு மேலே கொண்டுவந்து, கொல்லிமலையை ஒரு சுற்றுச் சுற்றினார். இறக்கை கொஞ்சமும் ஆடவில்லை. ஜன்னலில் நிஜக் கொல்லிமலை, திரையில் இன்னொரு கொல்லிமலை, நடுவில் மாமா.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த மழைக்காலத்துக்குள் நடுக்கம் நிஜமாகவே வந்துவிட்டது. இந்தத் தடவை அவருடைய கைதான், சந்தேகமில்லை. இறக்கை ஆடத் தொடங்கியது. செட்டிங்ஸில் ஒரு இடம் உண்டு, ஜாய்ஸ்டிக் நடுவில் இத்தனை அசைந்தால் கண்டுகொள்ளாதே என்று விமானத்துக்குச் சொல்கிற இடம். நான் அவரிடம் சொல்லாமல் அதைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன். இறக்கை அடங்கியது. நடுக்கம் கூடக்கூட நானும் கூட்டிக்கொண்டே போனேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

லாரி ஓட்டியவரை ஏமாற்ற முடியுமா? "ஸ்டேரிங்குல பிளே ஜாஸ்தி ஆயிருச்சே அம்மிணி" என்றார் ஒரு நாள். "இந்தளவு ஒடிச்சாலும் வண்டி லேட்டாத்தான் திரும்புது." எனக்குத் தெரியலீங்க மாமா என்று முழித்தேன். "என்ற கைய வண்டிகிட்டயிருந்து மறச்சு வெக்கறயா?" என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எடுத்துரு சாமி. அன்னைக்கு வேற எதுவோ ஆட்டுனத என்ற கைன்னு நெனச்சு ஒளிஞ்சுட்டுப் போனேன். இப்ப என்ற கைதான் ஆடுது. ஆடட்டும், நான் பாத்துக்கறேன். மேல காத்தடிக்குதுன்னு நெனச்சுக்கறேன், காத்துல ஓட்டமாட்டாங்களா?"

எடுத்துவிட்டேன். அன்று அவர் சேலத்தில் இறங்கியதை என் கண் உள்ளவரை மறக்கமாட்டேன். ஓடுபாதை எதிரே வருகிறது, இறக்கை இரண்டு பக்கமும் படபடவென்று ஆடுகிறது, மாமா ஆட்டத்தோடு சண்டை போடவே இல்லை. அது இடது பக்கம் சாயட்டும் என்று விட்டு, வலது பக்கம் வரும்போது அதைப் பிடித்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் உள்ள அந்தத் துளி நேரத்தில் மட்டும் ஓட்டினார். சக்கரம் தரையைத் தொட்டது. அப்புறம் இன்னொரு சக்கரம். மூக்கு மெதுவாக இறங்கியது. மாமா நடுங்குகிற கையாலேயே லிவரைப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு, "டீ போடேன்" என்றார்.

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை, பிடிக்க முடிந்தவரை, ஓட்டினார். மகன் வேலைக்குப் போய்விட்டான், விமானம் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. நேற்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். லிவர் பெட்டிக்கு மட்டும் பிளவில் படாமல் ஓரத்தில் வைத்தேன். மாமியார் எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து மவுஸ் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பெரிய விமானத்தைச் சேலத்திலிருந்து தூக்கினேன். கொல்லிமலையை நோக்கித் திருப்பிவிட்டு ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். விமானம் நேராகப் போனது. ஒரு ஆட்டமும் இல்லை. இறக்கை தராசு முள் மாதிரி நின்றது. எத்தனை நேரம்தான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது?

செட்டிங்ஸைத் திறந்தேன். மூன்றாவது லிவரின் கோடு துடித்துக்கொண்டிருந்தது. நான் பிடுங்கிய இறக்கையை அதனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

இடது இறக்கை கொஞ்சம் சாய்ந்தது. பிறகு வலது. இடது, வலது. நான் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமா கொல்லிமலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தார்.